வெயில் காணாத கோட்டு

அக்காவின் தகரப் பெட்டியின் அடியில் ஒரு கம்பளிக் கோட்டு கிடந்தது. வெளிர் சாம்பல் நிறம். நாலு பொத்தான், அதில் ஒன்று மட்டும் வேறு நிற நூலில் தைத்தது. இடது தோளில் தொடங்கி, நெஞ்சுப் பையை நனைத்துக்கொண்டு, கடைசிப் பொத்தான் வரைக்கும் ஒரு மஞ்சள் கறை இறங்கியிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், வாசலில் கட்டிலைப் போட்டுப் பெட்டித் துணிகளையெல்லாம் வெயிலில் விரிப்பாள் அக்கா. கூறைப் புடவை வரும், பிள்ளைக்கு முதன்முதலில் தைத்த சட்டை வரும், கோட்டு மட்டும் வராது. அதை உள்ளறையிலேயே உதறி, புது வேப்பிலை வைத்து, பழையபடி மடித்துவிடுவாள். மஞ்சள் கறையைப் பற்றி எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சவுக்காரம் போட்டால் சிவந்துகொண்டு நிற்கும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் கிடந்தால் தானாகப் போய்விடும். அக்காவுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் போடவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. அந்த மஞ்சளை ஊற்றியவள் நான்.

எனக்கு வாய் வரவில்லை என்று சொன்னால் எங்கள் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நான் பிறந்தது பெரியகுளம் பக்கத்து ஜெயமங்கலம். "எல்லாப் பிள்ளைக்கும் மொதல்ல பல்லு மொளைக்கும், இவளுக்கு மொதல்ல வாயி மொளைச்சிருச்சு" என்பார் அப்பா. பின்னாளில் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்திச் சம்பளம் வாங்கியதற்கு அந்த வாய்தான் காரணம். சின்ன வயசில் அந்த வாய்க்கு ஈடுகொடுத்த ஒரே ஆள் எங்கள் அக்காவின் வீட்டுக்காரர். மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை வாயாடி என்பார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை. உயரமான ஆள், ஒல்லி. குமுளிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எழுதுவது, துரை சொல்வதைக் கங்காணிமாருக்குத் தமிழில் சொல்வது, இதுதான் வேலை. அங்கே மலையாளத்து ஆட்களோடு பழகியதில், பரவாயில்லை என்பதற்கு "சாரமில்ல" என்ற ஒரு சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. காலில் கல் இடித்தாலும் சாரமில்ல, குழம்பில் உப்பு ஏறிவிட்டாலும் சாரமில்ல. "மலையில ஒங்களுக்கு எதுலயுமே சாரமில்லையா மச்சான்?" என்று கேட்டேன் ஒருமுறை. "எல்லாச் சாரத்தையும் ஒன் வாயிலேயே வச்சுட்டான்ல சாமி" என்றார்.

அந்த மலையைக் கண்டாலே அப்பாவுக்கு ஆகாது. காரணம் இருந்தது. அப்பாவின் தம்பி ஒருவர் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்க் காய்ச்சலில் செத்துப்போனவர். முறைக்காய்ச்சல் என்போம். ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லி வைத்த நேரத்துக்கு, கடன்காரன் போல வாசலில் வந்து நிற்கும். முதலில் எலும்பு வரைக்கும் குளிர், பிறகு கொதி, பிறகு வேர்வை. மறுநாள் ஆள் தெளிந்து எழுந்து நடப்பான். பார்த்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். "மலைக்கு ஏறும்போது முழு ஆளா ஏறுவான், எறங்கும்போது பாதி ஆளாத்தான் எறங்குவான்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்டவர் மகளை மலைக்குக் கட்டிக்கொடுத்ததே, மாப்பிள்ளை நல்லவர், படித்தவர் என்று ஊரே சொன்னதால்தான்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆண் பிள்ளை. மூன்றாம் மாதம் கூட்டிப்போக மச்சான் வருவதாகக் கடிதம் போட்டார். அப்பா அனுப்ப மாட்டேன் என்றார். மலையில் அந்த வருஷம் காய்ச்சல் அதிகம் என்று கேள்வி. "எம் மகளையும் பேரனையும் காய்ச்சக்காட்டுக்கு அனுப்ப நான் என்ன கல்லா?" என்றார். இப்படியே ஐந்து மாதம் ஓடியது. அக்கா சண்டை போடுகிற ஜாதி இல்லை. துணிகளைப் பெட்டியில் மடித்து வைப்பாள், மறுநாள் பிள்ளைக்கு வேண்டுமென்று எடுப்பாள், திரும்ப மடிப்பாள். கடைசியில் அம்மா போட்ட சத்தத்தில் அப்பா கொஞ்சம் இறங்கி வந்து ஒரு வார்த்தை சொன்னார். வைகாசியில் பண்ணைப்புரத்தில் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். அதற்கு மாப்பிள்ளை வரட்டும். "ஆளக் கண்ணால பாக்குறேன். ஒடம்புல காய்ச்சச் சாயல் இல்லேன்னா மறுநாளே கூட்டிட்டுப் போகட்டும். இருந்தா, வேலைய விட்டுட்டு வரட்டும். இங்கன வயலு கெடக்கு." அண்ணன் இதை அப்படியே கடிதமாக எழுதிப் போட்டார். அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு எழுத்தும் அக்காவுக்கு மனப்பாடம்.

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி அது. எனக்குப் பதின்மூன்று வயசு. வைகாசி வெயில் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று சொன்னால் தெரியாது, பட்டால்தான் தெரியும். அந்த வெயிலில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எதை உடுத்துவது என்பதில் அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு. "கல்யாணத்துக்குப் போற ஆளு மாப்பிள்ளைக்கு ஒருபடி கீழ தெரியணும், வயக்காட்டுக்குப் போற ஆளுக்கு ஒருபடி மேல தெரியணும்" என்பாள். பட்டு, மணவறையில் உட்காருகிறவளுக்கும் அவளைப் பெற்றவளுக்கும். மற்றவர்களுக்குச் சுங்குடி போதும். புதுசாக இருக்கலாம், ஆனால் ஒரு நனைப்பு நனைத்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் வெயிலில் மொடமொடவென்று உடம்பைப் பிராண்டும். ஆண்களுக்கு எட்டு முழ வேட்டி, மல் துணியில் தொளதொளவென்று ஒரு ஜிப்பா, தோளில் மடித்த துண்டு. முதல்நாள் அம்மா வேட்டிகளுக்குக் கஞ்சி போட்டு, பித்தளைச் செம்பில் நெருப்புக் கங்கை அள்ளிப் போட்டு, பாய்மேல் விரித்து இழுத்து இழுத்துத் தேய்த்தாள். அப்பாவின் துண்டில் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. எனக்குப் பச்சைச் சுங்குடியில் பாவாடையும் தாவணியும். இரண்டு வண்டி கட்டிக்கொண்டு, ஒன்றை அண்ணன் ஓட்ட, விடியற்காலை கிளம்பித் தேனி வழியாகப் பொழுது சாயப் பண்ணைப்புரம் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா மேற்கே மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மச்சான் கல்யாணத்தன்று காலையில் நேரே மலையிலிருந்து வந்து இறங்கினார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதற்கு மேலே இந்தக் கம்பளிக் கோட்டு! சீமைக்குப் போன ஏதோ ஒரு துரை விட்டுப்போனதாம். கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டியிருந்தார். பந்தலில் விசிறி போதாமல் முறத்தை எடுத்து விசிறிக்கொண்டிருந்த கூட்டம் அது. அம்மாவின் சட்டப்படி பார்த்தால், மாப்பிள்ளைக்கு ஒருபடி இல்லை, ஒன்பது படி மேலே வந்து நின்றார் மனுஷன். பெரியப்பா வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஏத்தா, ஒங்க மச்சான் என்ன, பொண்ணெடுக்க வந்துட்டாகளா?" என்று என்னைக் கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் மானம் போனது.

அப்பா சிரிக்கவில்லை. வாங்க மாப்ள என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, பேசுகிற சாக்கில் மேலும் கீழும் பார்த்தார். காளை வாங்கப் போன இடத்தில்கூட அப்பா அப்படிப் பார்த்ததில்லை. கண்ணின் வெள்ளையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து செருப்பைப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். கோட்டு நன்றாகத் தடித்த கோட்டு. தோள் எலும்பெல்லாம் அதற்குள் நிறைந்து ஆள் அகலமாகத் தெரிந்தார். "கொஞ்சம் சதை போட்டிருக்காகளே" என்றார் அப்பா அம்மாவிடம். ஆள் பாதி ஆடை பாதி என்கிறோம். அந்தப் பாதி இந்தப் பாதியை அன்றைக்கு முழுசாக மறைத்துக்கொண்டு நின்றது.

அன்று முழுக்க நான் அவர் பின்னாலேயே திரிந்தேன். கொழுந்தியாளுக்குக் கேலி செய்கிற உரிமை முறைப்படி உண்டு. எனக்குச் சொல்ல வேண்டுமா? "கோட்டு மச்சான், கோட்டு மச்சான், கோட்டுக்குள்ள ஆளு இருக்கா?" என்று கத்தினேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற மனுஷன், பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொல்லாத ரோஷம் வந்துவிட்டது. "கோட்டு போட்டதும் காதும் கேக்கல போல" என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். முறைக்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரை அதிகமாகச் சாப்பிட்டால் காதுக்குள் வண்டு கத்துவது போல ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும், வெளிச் சத்தம் ஏறாது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு வாரமாக அவர் அதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தார். எல்லாருக்கும் வேர்வை மூக்கு நுனியில் இருந்து இலையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஜிப்பாக்காரர்கள் ஜிப்பாவைக் கழற்றித் தொடையில் போட்டுக்கொண்டு வெறும் மேலோடு சாப்பிட்டார்கள். மச்சான் கோட்டோடு உட்கார்ந்து, இரண்டு தடவை சோறு வாங்கி, பாயாசமும் வாங்கி, இலையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. என் கண்ணுக்கு அது நன்றாகத் தெரிந்தது. "அப்பா, மச்சானுக்கு வேர்க்கவே இல்ல பாருங்க! மலைத்தண்ணி குடிச்ச ஒடம்பு!" என்று நான்தான் கூவினேன். அப்பா தலையை ஆட்டிச் சிரித்தார். குளிர்கிறவனுக்கு எப்படி வேர்க்கும்? அந்த உச்சி வெயிலில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், அந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார்.

சாயந்தரம் வெயில் தாழ மஞ்சத்தண்ணி ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இது இல்லாமல் முடியாது. மஞ்சள் கரைத்த தண்ணீரை முறைக்காரிகள் மச்சான்மார் மேல் ஊற்றுவார்கள். ஓடலாம், ஒளியலாம், கோபப்பட மட்டும் கூடாது. நனைந்தவர் ஊற்றியவளுக்குச் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும். நல்ல துணி உடுத்தியவர்கள் இந்த நேரம் பார்த்துப் பழைய வேட்டிக்கு மாறிவிடுவார்கள். மச்சான் மாறவில்லை. பந்தலின் மேற்கு ஓரத்தில் கோட்டோடு உட்கார்ந்து, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தார். "கோட்டைக் கழட்ட வக்கிறேன் பாருங்க" என்று நான் பெரியப்பா மகள்களிடம் பந்தயம் போட்டேன். அக்கா வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு நகரும் வரைக்கும் தூணுக்குப் பின்னால் காத்திருந்தேன். பிறகு ஒரு குடத்தை, அரைக்குடம் இல்லை, முழுக்குடத்தை, தலைக்கு மேல் தூக்கி அப்படியே கவிழ்த்தேன்.

அவர் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார், மூச்சு வரவில்லை. பல்லோடு பல் அடித்துக்கொண்டது, வெளியே கேட்கிற அளவுக்கு. "கொழுந்தியாளுக்குப் பயந்து மாப்பிள்ளைக்குப் பல்லு தந்தியடிக்குது பாருங்கப்பா!" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது. நானும் குடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தேன். மச்சான் ஒரு வழியாக மூச்சை இழுத்து, முகத்தை வழித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்க, "என் கொழுந்தியா மொறை தப்பாம வந்துட்டா" என்றார். இன்னும் சிரிப்பு. காய்ச்சலும் அன்றைக்கு முறை தப்பாமல்தான் வந்திருந்தது என்பது, அந்தப் பந்தலில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அக்கா ஓடிவந்து முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே நெற்றிக்கு வந்த கை அங்கேயே நின்றுவிட்டது. "ஆத்தி..." என்று ஆரம்பித்தாள். அவர் லேசாகத் தலையை ஆட்டினார். "சாரமில்ல" என்றார், உதடு மட்டும் அசைய. அக்கா அவரைப் பார்த்தாள், தூரத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தாள், பிறகு கையை எடுத்துக்கொண்டாள். இத்தனையும் ஒரு முழ தூரத்தில் நின்று நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். குனிந்து என் காதருகே சொன்னார்: "வாயாடி, இந்த ஒரு தடவ மட்டும் வாயத் தொறக்காத. ஒனக்கு ஆடிக்குச் சேலை எடுத்துத் தாரேன்." எனக்கு என்ன ஏது என்று முழுசாகப் புரியவில்லை. ஆனால் உடம்பு சரியில்லை என்பது புரிந்தது. அப்பாவுக்குத் தெரிந்தால் அக்காவை அனுப்ப மாட்டார் என்பதும் நன்றாகப் புரிந்தது. வாழ்க்கையில் அந்த ஒரே ஒரு தடவைதான் நான் சொன்ன பேச்சுக் கேட்டு வாயை மூடினேன்.

அப்பா வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒடம்புன்னா இது ஒடம்பு! வைகாசி வெயில்ல கம்பளி, அதுக்கு மேல ஒரு கொடம் தண்ணி, ஆளு அசையலையே! நாந்தான் வீணா பயந்துட்டேன். நாளைக்கே கூட்டிட்டுப் போங்க மாப்ள" என்றார். ஐந்து மாதம் அம்மா பேசியும் அக்கா அழுதும் இறங்காத அப்பாவை, என் ஒரு குடம் தண்ணீர் இறக்கிவிட்டது. அப்போது எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். எல்லாம் என்னால்தான் நடந்தது என்று நினைத்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காய்ச்சல் விட்ட நாள். மச்சான் தெளிவாக இருந்தார், என்னோடு சரிக்குச் சரி வாயாடினார். நனைந்த கோட்டை அக்கா வெயிலில் போடப்போனாள். "கம்பளிய வெயில்ல போட்டா சுருங்கிப்போகும், நெழல்லயே காயட்டும்" என்று அவர்தான் தடுத்தார். மேற்கேயிருந்து கணவாய்க் காற்று கிளம்பியிருந்தது. ஆனாலும் கம்பளி காயவில்லை. ஈரத்தோடு கையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். உத்தமபாளையத்தில் பஸ் பிடிக்க அண்ணன் வண்டி ஓட்டினார். வண்டிக்குள்ளிருந்து அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள். அதற்குப் பிறகு அக்கா சிரித்திருக்கிறாள், இல்லையென்று சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் எஸ்டேட்டிலிருந்து ஓர் ஆள் ஜெயமங்கலத்துக்கு வந்து, எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். நல்ல சேதி கொண்டுவருகிறவர்கள் அப்படி நிற்க மாட்டார்கள். சளி நெஞ்சில் கட்டிக்கொண்டதாம், மூன்று நாளாம். அப்பாவும் அண்ணனும் போய்க் காரியத்தை முடித்துவிட்டு, அக்காவையும் பிள்ளையையும் தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சேலை எடுத்துத் தருகிறேன் என்ற ஆடி அதற்கு அடுத்த மாதம் பிறந்தது.

எல்லாம் முடிந்து ஒருநாள் அப்பா கேட்டார். நடு வீட்டில், என்னையும் வைத்துக்கொண்டுதான் கேட்டார். "அன்னைக்குக் கல்யாணத்துலயே காய்ச்ச இருந்துச்சாத்தா?" அக்கா பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "இல்லப்பா. மலைக்குப் போன பெறகுதான்" என்றாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பொய் யாருக்காக என்று யோசித்தே என் பாதி ஆயுசு போயிற்று. என்னைக் காப்பாற்றத்தான் என்று வெகுநாள் நினைத்தேன். பிறகு எனக்கும் பிள்ளை குட்டி என்று ஆன பிறகு, தனக்காகவும்தான் சொன்னாள் என்று தோன்றியது. நெற்றியில் கை வைத்த அந்த நிமிஷம் "அப்பா, இங்கன வாங்க" என்று அவள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் அவரைப் பெரியகுளத்துக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்திருப்போம். ஆனால் கூப்பிட்டால் அவள் அவரோடு போக முடியாது. ஐந்து மாதம் பெட்டியில் துணியை மடித்து மடித்து வைத்தவள் வேறு என்ன செய்வாள்? பின்னாளில் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் யாருக்கோ நடந்தது போல இதைச் சொன்னேன். "தண்ணீர் ஊற்றினதாலெல்லாம் மனுஷன் சாகமாட்டான் டீச்சர், காய்ச்சலுக்குச் சரியான வைத்தியம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்" என்றார். புத்தி அதை வாங்கிக்கொண்டது. மனசு என்ன புத்தி சொன்னதையா கேட்கிறது? அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம், எத்தனையோ மச்சான்மார். நான் யார் மேலும் ஒரு சொட்டு மஞ்சத்தண்ணி ஊற்றியதில்லை. அக்காவும் நானும் உலகத்தில் எல்லாவற்றையும் பேசுவோம், பண்ணைப்புரத்துக் கல்யாணத்தைத் தவிர.

நாற்பத்தைந்து வருஷம் கழித்து, போன சித்திரையில், அண்ணனின் பேத்திக்குத் தேனியில் கல்யாணம். மண்டபத்தில் தலைக்குத் தலை மின்விசிறி சுற்றினாலும் வெயில் அதே வெயில்தான். உடுப்புதான் மாறிவிட்டது. வேர்வையை வாங்கத் தெரியாத நைலக்ஸ் புடவையில் பெண்கள் நனைந்துகொண்டிருந்தார்கள்; டெரிலின் சட்டைக்குள் ஆண்கள் அவிந்துகொண்டிருந்தார்கள். அம்மா இருந்திருந்தால் ஒருத்தரையும் உள்ளே விட்டிருக்க மாட்டாள். அக்காவின் பேரன் பம்பாயில் வேலை பார்க்கிறான், தாத்தாவின் அதே உயரம். கோட்டும் சூட்டுமாக வந்து இறங்கினான். நான் திரும்பி அக்காவைத் தேடினேன். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்; அந்தக் காலத்து வழக்கமெல்லாம் போய்விட்டது, முன்னால் வா என்று எத்தனை பேர் கூப்பிட்டாலும் வரமாட்டாள். பேரனைப் பார்த்தாள்.

சாயந்தரம் கல்யாணப் பெண்ணின் தங்கை, அவனுக்கு முறைக்காரி, ஒரு பிளாஸ்டிக் குடத்தில் மஞ்சள் கரைத்து எடுத்துக்கொண்டு மெதுவாக அவன் பின்னால் வந்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, அறுபதைத் தொடப்போகிறவள், நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் அந்தக் குடத்தைப் பிடித்துக்கொண்டேன். "ஐயோ விடுங்க பாட்டி, மொறைக்குத்தான ஊத்துறேன்" என்று அவள் இழுக்க, நான் இழுக்க, சுற்றி இருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்போது பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள். "விடுடீ, ஊத்தட்டும்" என்றாள் என்னிடம். பிறகு அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவி, "ஊத்துத்தா. ஊத்துறதுக்கு முந்தி நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு ஊத்து" என்றாள்.

பாட்டி தமாஷ் பண்ணுகிறாள் என்று எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் வெட்கத்தோடு கையை நீட்டி அவன் நெற்றியைத் தொட்டாள். அவனும் குனிந்து காட்டினான். "ஜில்லுன்னு இருக்கு பாட்டி" என்று சொல்லிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்தாள். கூட்டம் கைதட்டியது. நான் அழுதேன். கல்யாண வீட்டில் அழக் கூடாது என்று தெரியும், தெரிந்துதான் அழுதேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை அக்கா வீட்டில் இருந்தேன். உள்ளறையில் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "கொண்டுபோயி வெயில்ல போடு" என்றாள். "சுருங்கிருமேக்கா" என்றேன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். "சுருங்குனா சுருங்கட்டும். இனி யாரு போடப் போறா?" என்றாள். கொடியில் போட்டேன். சித்திரை வெயில் மூன்று நாள் விடாமல் அடித்தது. முதல்நாள் மஞ்சள் வெளுத்தது, மறுநாள் விளிம்பு மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் எடுத்து வந்து அக்காவிடம் கொடுத்தேன். ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்து, தோளில் இருந்து கடைசிப் பொத்தான் வரைக்கும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வெறும் சாம்பல் நிறம்.

"இப்பத்தான்டீ அவுக போனாக" என்றாள் அக்கா.